தாயில்பட்டியில் நான் விற்காத உத்தரங்கள்

"ஒடைஞ்சதா?"

விருதுநகர் மாவட்டத்தில் நான் இருந்த ஆறு நாளில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். என் கையில் இரண்டடி நீளத்துக்கு ஓர் உத்தரத் துண்டு இருந்தது. மலேசியாவில், கிள்ளானில் எங்கள் தொழிற்சாலையில் செய்த மாதிரி. மெல்லிய பலகைகளைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இயந்திரத்தில் நெருக்கி ஒரே கட்டையாக்குவோம். அந்தக் கட்டையை வைத்து அறுபதடி அகல மண்டபத்துக்கும் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் கூரை போடலாம். இதையெல்லாம் மூச்சுவிடாமல் விளக்கிய பிறகும், "அது சரி, ஒடைஞ்சத ஒட்டிருக்காக" என்று முடித்துவிடுவார்கள்.

நான் விற்பனைக்காரி இல்லை, மதிப்பீட்டாளர். வரைபடத்தைப் பார்த்து எத்தனை உத்தரம், எத்தனை திருகாணி, எத்தனை லோரி, எத்தனை நாள் கூலி என்று எழுதி விலை சொல்கிறவள். பன்னிரண்டு வருடமாக அதுதான் என் சோறு. 2006-இல் ஒரு பள்ளி மண்டபத்துக்கு மதிப்பீடு போட்டபோது எல்லாவற்றையும் எழுதினேன், அந்த ஊர் முச்சந்தியில் நீளமான லோரி திரும்பாது என்பதை மட்டும் எழுதவில்லை. லோரி மூன்று நாள் அங்கேயே நின்றது. எங்கள் சீன முதலாளியை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். "சிவகாசி ஆர்டரைக் கொண்டுவா, இல்லாவிட்டால் ஸ்டோரில் உட்கார்ந்து திருகாணி எண்ணு" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். சொன்னால் செய்கிற மனிதர்.

சிவகாசி ஆர்டர் எப்படி வந்தது என்றால், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் வேலாயுதம் அண்ணாச்சி குடும்பத்தோடு மலேசியா சுற்றிப்பார்க்க வந்திருந்தார். எங்கள் உத்தரம் போட்ட ஒரு மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தவர் அண்ணாந்தபடியே நின்றுவிட்டாராம். தன் தொழிலாளர்கள் இருநூறு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட இதேபோல ஒரு கூடம் வேண்டும், தலைக்குமேல் இரும்பு கூடாது என்று கடிதம் எழுதினார். யாராவது போய் இடத்தை அளந்து விலை சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ் தெரிந்தால் போதும் என்று நினைத்தது எங்கள் தவறு.

முதல் நாள் மதுரையிலிருந்து பேருந்து. நடத்துனர் உத்தரத் துண்டுக்கு லக்கேஜ் சீட்டு கேட்டார். அரை ஆள் எடைகூட இல்லை என்று வாதாடிக்கொண்டிருந்தபோது ஓட்டுனர் பிரேக் போட்டார். துண்டு என் காலடியிலிருந்து கிளம்பி, இருக்கைகளுக்கு அடியில் வழுக்கிப்போய், முன்னால் ஒருவர் வைத்திருந்த வெங்காய மூட்டையில் முட்டி நின்றது. முழு ஆள் சீட்டே வாங்கிக்கொண்டேன். வெங்காயக்காரர் மட்டும் நல்ல மனிதர். விருதுநகர் வரைக்கும் அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு வந்தார்.

விருதுநகரில் எண்ணெய் புரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாயை வீசி வீசி மெல்லிசாக்கிக் கல்லில் போடுவார்கள், தொட்டால் துவளும். இவர்கள் அதே மாவை எண்ணெயில் பொரித்து முறுக்காக எடுத்து, பிய்த்துப் போட்டு, சால்னாவில் குளிப்பாட்டுகிறார்கள். இரண்டு போதும் என்றேன். பரிமாறியவர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நாலு வைத்தார். நாலும் உள்ளே போனது. கோப்பி கேட்டால் காப்பி வந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் என் புத்திசாலித்தனத்தால் கெட்டது. சாத்தூரில் மினி பஸ் ஏறி, "அண்ணாச்சி பட்டாசுக் கம்பெனியில் இறக்கிவிடுங்கள்" என்றேன். யாரும் மறுப்பு சொல்லவில்லை. அச்சங்குளத்தில் ஒரு கேட்டுக்கு எதிரே இறக்கிவிட்டார்கள். காவலாளியிடம் அண்ணாச்சி வரச்சொன்னதாகச் சொன்னேன். அவர் நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், வெயிலுக்குத் துண்டால் விசிறினார். முக்கால் மணி நேரம் கழித்து ஓர் அண்ணாச்சி வந்தார், ஆனால் அவர் வேறு அண்ணாச்சி. அந்த வட்டாரத்தில் கம்பெனி வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், கடன் கொடுப்பவர் எல்லாருமே அண்ணாச்சிதானாம். அவரிடமும் துண்டைக் காட்டினேன், வந்தது வந்தாகிவிட்டதே. "நல்லா ஒட்டிருக்கீக" என்று பாராட்டிவிட்டு, தன் காரிலேயே தாயில்பட்டிக்கு அனுப்பிவைத்தார். எங்கள் ஊரில் போட்டிக் கம்பெனிக்கு வந்த ஆளை யாரும் காடியில் ஏற்றி அனுப்பமாட்டார்கள், அதிகபட்சம் பஸ் நிறுத்தத்தைக் கைகாட்டுவார்கள்.

சரியான அண்ணாச்சி வெள்ளை வேட்டியில் பளிச்சென்று இருந்தார். பட்டாசு லேபிளின் பின்பக்கத்தில் கூடத்தின் படத்தைத் தானே வரைந்து வைத்திருந்தார். அறுபதடி அகலம், நூறடி நீளம். அறுபதடி உத்தரம் கன்டெய்னரில் அடங்காது, இரண்டு பாதியாகச் செய்துகொண்டுவந்து உச்சியில் கும்பிட்ட கைபோலச் சேர்ப்போம் என்றேன். எதை வைத்துச் சேர்ப்பீர்கள் என்று கேட்டார். எஃகுத் தகடும் போல்ட்டும் என்றேன். அண்ணாச்சி காதைப் பொத்தாத குறை. பித்தளையில் செய்ய முடியாதா என்றார். பித்தளை போல்ட் போட்டால் உத்தரத்தைவிட போல்ட் விலை அதிகமாகும் என்று எழுதிக் காட்டினேன். அப்படியும் படத்தைச் சுருட்டிப் பையில் வைக்க அவருக்கு மனமில்லை. வடநாட்டிலிருந்து வருகிற வியாபாரிகள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எனக்கோ கழுத்துக்குமேல் திருகாணி தொங்குகிறது. பித்தளையிலேயே செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் இடத்தை அளக்கப் போனேன். கேட்டில் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள், அது நியாயம். அப்புறம் என் எஃகு அளவுநாடாவை வாங்கிக்கொண்டார்கள். செருப்பு, கொண்டை ஊசி, சாவிக்கொத்து எல்லாம் ஒரு தட்டில் போய்ச் சேர்ந்தன. என் சட்டை பாலியஸ்டர், அதில் தீப்பொறி வருமாம், அதுவும் ஆகாது. நான் அளக்கப்போவது கேட்டை ஒட்டிய காலி இடம், அங்கே வெடிமருந்து வாசனைகூடக் கிடையாது என்று சண்டை பிடித்தேன். கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டால் எல்லா இடமும் ஒன்றுதான் என்று காவலாளி அசையவில்லை.

பெண்கள் பகுதியை மேற்பார்க்கும் முத்துமாரி ஒரு பருத்திச் சேலை கொண்டுவந்து கொடுத்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார், ஒல்லி, கண் மட்டும் ஓரிடத்தில் நிற்காது. நான் சேலை கட்டுவது தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும், அதுவும் ஒன்பது ஊக்கு குத்தி. இங்கே ஊக்கும் தட்டுக்குப் போய்விட்டது. ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தையற்காரரின் துணி நாடாவைப் பிடித்து, நூறடி நிலத்தை ஐந்தடி ஐந்தடியாக அளந்தேன். ஒவ்வோர் அளவுக்கும் முத்துமாரி ஒரு கல் வைத்துக்கொண்டே வந்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியாமல் இல்லை.

என் உத்தரத் துண்டில் மட்டும் இரும்பு இல்லை என்பதால் உள்ளே விட்டார்கள். முத்துமாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பசைக் கோட்டில் நகத்தை வைத்து நோண்டினார். பதினெட்டு வயதிலிருந்து காகிதக் குழாய் சுருட்டி ஒட்டியவராம். மைதாப் பசையா, பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டீர்களா என்று கேட்டார். அந்தப் பயணம் முழுவதிலும் ஒருவர் கேட்ட ஒரே ஒழுங்கான கேள்வி அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, எங்கள் பசையின் வரலாற்றையே சொல்லிவிட்டேன்.

மதியச் சோற்று வேளை வந்தது. வேப்பமரங்களுக்கு அடியில் பெண்கள் கும்பல் கும்பலாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். எனக்கும் ஒரு தட்டில் தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் கொடுத்தார்கள். பக்கத்துக் கும்பலில் போய் உட்கார்ந்தேன். "வாங்க, சாப்பிடுங்க" என்று இடம் விட்டார்கள். நான் உட்கார்ந்ததும் ஒருத்தி தன் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஏதோ வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை, பேச்சுக் கொடுக்கிற சாக்கில் அடுத்த கும்பலுக்குப் போனேன். அங்கேயும் ஒருத்தி எழுந்தாள். மூன்றாவது கும்பலில் நான் உட்காரக் குனிந்தபோதே ஒருத்தி எழுந்துவிட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. சேலையை முகர்ந்து பார்த்தேன், தலைமுடியை முகர்ந்து பார்த்தேன். என் சாதி என்னவென்று பார்க்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். கடல் தாண்டி வந்தவளை இப்படியா நடத்துவார்கள் என்று பொருமிக்கொண்டு, தனியாகப் போய் என் உத்தரத் துண்டின்மேலேயே உட்கார்ந்தேன். ஒட்டிய கட்டையாக இருந்தாலும் அது எழுந்து போகவில்லை.

முத்துமாரி தன் சட்டியோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது போலிருக்கிறது. மருந்து வேலை நடக்கிற ரூமில் நாலு பேருக்குமேல் இருக்கக்கூடாது, அதுதான் சட்டம் என்றார். முதலாளியே உள்ளே வந்தாலும் ஒருத்தி வெளியே போய்விட வேண்டும். வருடக்கணக்கில் அப்படியே பழகி, வெளியே மரத்தடியிலும் ஐந்தாவது ஆள் வந்தால் கால் தானாக எழுந்துவிடுகிறதாம். வீட்டில் டிவி பார்க்கும்போதுகூடத் தலையை எண்ணுவாராம். அந்தக் கண் ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்படியானால் இந்தக் கூடம், என்று இழுத்தேன்.

"அண்ணாச்சி ஆசையா கட்டுறாக. வேண்டாம்னு எப்பிடிச் சொல்ல? ஆனா எரநூறு பேரு ஒரே கூரைக்குக் கீழ ஒக்காந்தா எங்களுக்குச் சோறு எறங்காது மேடம்."

பழகிவிடும் என்றேன். என் குரல் எனக்கே விற்பனைக்காரி குரலாகக் கேட்டது.

"எட்டு வருசத்துக்கு முன்னால நான் வேற கம்பெனி. தீவாளி சீசன், ஒரு ரூம்ல எட்டு பேரு வச்சிருந்தாக. நான் தண்ணி குடிக்க வெளிய வந்தேன்."

அவர் முட்டையைப் பிட்டு உப்பில் தொட்டுச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊக்கில்லாத சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான்காம் நாள் சிவகாசியில் அண்ணாச்சி வீட்டில் விருந்து. கோழிக் குழம்பு, காடை வறுவல், சீனிமிட்டாய். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மதிப்பீட்டைக் கேட்டார். பையில் பெரிய கூடத்தின் தாள் தயாராக இருந்தது. கொடுத்திருந்தால் என் வேலை தப்பியது, அன்றே ஊர் திரும்பியிருக்கலாம். நான் அதோடு இன்னொரு தாளையும் வைத்தேன். காலையில் லாட்ஜில் உட்கார்ந்து போட்டது. நாலு பேர் உட்காரச் சின்னச் சின்னக் கூரை, நாலு பக்கமும் திறப்பு, மொத்தம் ஐம்பது. பனஞ்சட்டமும் ஓடும் போதும், எல்லாம் இங்கேயே கிடைக்கும், எங்கள் உத்தரம் ஒன்றுகூட வேண்டாம்.

அண்ணாச்சி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க யாவாரத்துக்கு வந்தீகளா, அதக் கெடுக்க வந்தீகளா?"

முத்துமாரி சொன்னதைச் சொன்னேன், பெயரைச் சொல்லாமல். அவர் நம்பவில்லை. தான் கூப்பிட்டால் வராத தொழிலாளி உண்டா என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கூடம் வரப்போகும் அதே இடத்தில், அதே அளவில் பந்தல் போடுவது, இருநூறு பேருக்கும் பிரியாணி போடுவது, எல்லாரும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் கூடத்துக்கு அங்கேயே கையெழுத்து என்றார். எனக்கும் ரோஷம் வந்து சரி என்றேன். வெளியே வந்த பிறகுதான், யார் ஜெயித்தால் எனக்கு நல்லது என்று யோசித்துப் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் ஆட்டோக்காரர் இருக்கன்குடி மாரியம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். போனேன். எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு கண்ணை மூடினால், என்ன கேட்பது என்று தெரியவில்லை. எல்லாரும் பந்தலில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று கேட்டால் முத்துமாரி முகம் வருகிறது. உட்காரக்கூடாது என்று கேட்டால் தவுக்கே முகம் வருகிறது. பார்த்துச் செய் தாயே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பந்தல் பிரமாதம். கேட்டுக்குள் நெருப்புக்கு இடமில்லாததால் பிரியாணி ஊரிலேயே வெந்து அண்டாவில் வந்தது. மணி அடித்தது. பெண்களும் ஆண்களும் வரிசையாக வந்து இலையில் வாங்கிக்கொண்டார்கள். முதல் நாலு பேர் பந்தலின் வடக்கு மூலையில் உட்கார்ந்தார்கள். அடுத்த நாலு பேர் தெற்கு மூலை. அப்புறம் மேற்கு, அப்புறம் கிழக்கு. பதினாறு பேர் ஆயிற்று. பதினேழாவதாக வந்தவள் பந்தலை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள், நான்கு மூலையையும் பார்த்தாள், இலையோடு வேப்பமரத்துக்கு நடந்தாள். பின்னால் வந்த வரிசை முழுக்க அவள் பின்னாலேயே திரும்பியது.

அண்ணாச்சி விடவில்லை. தானே நட்டநடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மேனேஜரையும், சரக்கு அனுப்புகிறவரையும், கணக்கப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்தார். கணக்கப்பிள்ளை அறுபதைத் தாண்டியவர், சின்ன வயதில் உள்ளே மருந்து ரூமில் வேலை பார்த்து மேலே வந்தவராம். நீங்களும் வாங்க என்று அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்தேன். கணக்கப்பிள்ளை இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நீரு எங்கவே போறீரு?"

கணக்கப்பிள்ளை திகைத்துப்போய் இலையோடு நின்றார். "தெரியல அண்ணாச்சி. காலு எந்திரிச்சிருச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி பிரியாணியை முழுக்கச் சாப்பிட்டார், எலும்பைக்கூட விடவில்லை. கை கழுவிவிட்டு வந்து, அந்தச் சின்னக் கூரைக்கு எவ்வளவு ஆகும் என்றார்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து தவுக்கேயைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். எத்தனை உத்தரம் விற்றாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஸ்டோரில் மேசை துடைத்து வைக்கச் சொல்கிறேன் என்றார். உப்பு விற்கப் போனால் மழை, மாவு விற்கப் போனால் காற்று என்று என் நிலைமையை மலாயில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் வைத்துவிட்டார். பூத்துக்காரர் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

ஆறாம் நாள் கடைசித் தாளை எழுதி முடித்து, கையெழுத்து வாங்கப்போகும் முன் முத்துமாரியிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். உட்காரும் திண்டு உயரம் சரி, திறப்பு சரி, வெயில் விழும் பக்கம் சரி. ஒன்றே ஒன்று மாற்ற முடியுமா என்று கேட்டார்.

"நாலு பேருக்கு இருக்கத மூணு பேருக்குன்னு போடுங்க மேடம். உங்கள மாதிரி ஆரும் வந்தா சோத்தோட ஒருத்தி எந்திரிக்கணுமே. அது எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

மனசுக்குள் கணக்குப் போட்டேன். இருநூற்றை நாலால் வகுத்தால் ஐம்பது. மூன்றால் வகுத்தால் அறுபத்தேழு. அண்ணாச்சியின் அறைக்குப் போய் பதினேழு கூரைக்காக முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன். எங்கள் உத்தரத்தை விற்க நான் அவ்வளவு சண்டை போட்டதில்லை. காரணம் இல்லாமல் எண்ணிக்கை கூடினால் கணக்கில் ஒத்துக்கொள்ளமாட்டேன் என்றார் அவர், அது நியாயமான பேச்சு. மதிப்பீட்டுத் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. கூடுதலாகப் போட்ட சாமானுக்குக் காரணம் எழுதுவது அங்கேதான். பன்னிரண்டு வருடமாக அதில் நான் எழுதியது கழிவு, உடைசல், வெட்டுச் சேதம் என்று மூன்றே மூன்றுதான்.

அண்ணாச்சியின் பேனாவை வாங்கி, கூடுதல் பதினேழு என்பதற்கு நேரே "விருந்தாளி" என்று எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.